பைய விடு

ராஜம்மாவின் வலது கை உடைந்த நாளிலிருந்து தொடங்கினால்தான் இசக்கிசெல்வியின் கதை விளங்கும். ராஜம்மா எனக்குத் தங்கை மகன் பெண்டாட்டி. பிறந்தது எழிச்சூர், வாழ்க்கைப்பட்டது வல்லக்கோட்டை. ஒரகடத்தில் காருக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. அந்தக் கம்பெனியின் மேற்குச் சுவர் நிற்பது அவள் மாமனார் வேர்க்கடலை போட்ட நிலத்தில். அது வேறு கதை, அதை விடுங்கள்.

இசக்கிசெல்வி நமக்கு உறவு கிடையாது. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். அப்பா பெயர் உச்சிமாகாளி, சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். அம்மா பீடி சுற்றுகிறவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு, டிரெய்னி என்று பெயர் எழுதிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். டிரெய்னி என்றால் மூன்று வருஷம். அது முடிகிற அன்று ஆபரேட்டர் கார்டு கையில் இருந்தால் கம்பெனி ஆள். இல்லாவிட்டால் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். ஊர் பஸ் பிடிக்க வேண்டியதுதான். அந்த பஸ் போய் நிற்கிற இடத்தில் பீடி இலைத் தட்டு காத்துக்கொண்டிருந்தது. அது செல்விக்கு நன்றாகத் தெரியும். அவளோடு வந்தவர்கள் நாற்பது பேர். கார்டு கிடைக்கப்போவது ஐந்து பேருக்கு.

அவள் குறி வைத்தது ஹாய்ஸ்ட் கார்டு. ஹாய்ஸ்ட் என்பது சங்கிலியும் கொக்கியுமாகத் தொங்கிப் பாரம் தூக்குகிற மிஷின். கறுப்புப் பிளாஸ்டிக் குருணை அரை டன் பைகளில் வரும். பை ஆள் உயரம் இருக்கும், நாலு மூலையிலும் காது வைத்துத் தைத்திருக்கும். காதுகளைக் கொக்கியில் மாட்டி, பையை மாடி உயரத்துக்குத் தூக்கி, அங்கே இருக்கிற பெரிய புனலுக்கு நேராகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பையின் அடிவாய் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கும். முடிச்சின் கயிற்றை இழுத்தால் வாய் திறந்து குருணை புனலுக்குள் கொட்டும். மேடையில் நிற்கிறவன் கையில் சுவிட்சும் இருக்கும், கயிறும் இருக்கும். ஆனால் பை மறைப்பதால் அதன் அடியில் என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அதற்காகக் கீழே ஒருவர் நின்று தூக்கு, நிறுத்து, இறக்கு என்று சொல்ல வேண்டும். கீழே நின்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்குக் கார்டு.

மேடையில் நின்றவன் பகலவன். நம்ம கண்ணப்பனின் மூத்த சம்சாரத்துப் பிள்ளை. கண்ணப்பன் எனக்கு ஒன்றுவிட்ட பங்காளி. பையன் வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட். அன்றைக்குத்தான் செல்வி முதல் தடவையாகக் கீழே நின்றாள். எந்தக் கையசைப்புக்கு என்ன அர்த்தம், எந்த இடத்தில் எந்தச் சொல் என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஆளை நிறுத்த வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அன்றைக்கு லைனில் குருணை தீர்ந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் அந்தோணிராஜ், "பகலவனைப் பாத்துச் சொல்லு, அவன் செஞ்சிடுவான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

பை ஏறியது. புனலுக்குப் பக்கத்தில் போய், பகலவன் இறக்க ஆரம்பித்ததும், வேகம் கூடிப் பை ஒரு ஆட்டம் ஆடியது. அடிப்பாகம் மேடையின் இரும்புக் கம்பியில் இடிக்கப் போகிறது. அதைப் பார்த்தது செல்வி மட்டும்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணே, பைய விடு! பைய விடு!"

பகலவன் கயிற்றை இழுத்துவிட்டான்.

அரை டன் குருணை. கடுகு மூட்டையை மாடியிலிருந்து கவிழ்த்தது போலக் கொட்டியது. தரை முழுக்கக் கறுப்பு. கால் வைத்தவன் வழுக்கினான், பிடிக்கப் போனவனும் வழுக்கினான். துடைப்பத்தோடு ஓடிவந்த ராஜம்மா மல்லாந்து விழுந்து, ஊன்றிய கை மணிக்கட்டோடு மடிந்தது. லைன் நாலு மணி நேரம் நின்றது.

மறுநாள் விசாரணை. பாதுகாப்பு அதிகாரி ஷாரோன் மேடம் மறைமலை நகரிலிருந்து வருகிறவர். நியாயமான பெண், ஆனால் காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார். ஒரு பக்கம் பகலவன் நின்றான். அந்தோணிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நடுவில் செல்வி.

"பைய விடுன்னு சொன்னியா, இல்லையா?" என்று கேட்டார் மேடம்.

"சொன்னேன் மேடம்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தரம்."

மேடம் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, பை புனலுக்கு வெளிய இருக்கும்போது அப்படிச் சொல்லலாமா?"

"வெளிய இருந்ததுனாலதான் மேடம் சொன்னேன்."

"கேட்டுக்கினீங்களா மேடம்?" என்றான் பகலவன். "அவ வாயாலயே சொல்றா."

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. சரியான சொல்லைச் சரியான நேரத்தில் சொன்னதற்கு ஏன் கோபிக்கிறார்கள் என்று முழித்தாள். இவன் ஏன் கயிற்றை இழுத்தான் என்று யாரும் கேட்கவில்லையே என்றும் நினைத்தாள். நீட்டிய காகிதம் இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். சிக்னல் கற்றுக்கொடுக்கப்பட்டும், பையின் முடிச்சை அவிழ்க்கும்படி தவறாகச் சொன்னாள் என்று அதில் எழுதியிருந்தது. அன்றோடு அவளை ஹாய்ஸ்டிலிருந்து எடுத்து, வார்த்த சாமான்களின் ஓரத்துப் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மேஜைக்குக் கார்டு கிடையாது.

கேன்டீனில் அவளுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால், "தள்ளிக்கோங்கடா, பைய வுடு வருது" என்பான் பகலவன். நாலு மேஜை சிரிக்கும். அந்த நாலு மேஜையில் அவள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார்களே தவிர, என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு சாத்துக்குடி வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ராஜம்மாவைப் பார்க்க வல்லக்கோட்டைக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பை மடியில். கண் மாவுக்கட்டின் மேல். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ராஜம்மாதான் பேசினாள். "அந்தப் பைய வுடும்மா. இன்னாத்துக்கு மடிலயே வெச்சிகினு கீற?"

செல்வி விறைத்துப் போனாள். "யக்கா, இப்ப என்ன சொன்னிய?"

"பைய வுடுன்னேன்."

"மெதுவாவா?"

"மெதுவா வெச்சா இன்னா, வேகமா வெச்சா இன்னா? கீழ வையேன்!"

செல்வி சட்டென்று எழுந்தாள். சாத்துக்குடி ஆறும் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடின. "யக்கா! எங்க ஊர்ல பையன்னா மெதுவாக்கா! எங்கப்பா முதுவுல மூட்டை எறங்கும்போது 'பைய, பைய'ன்னுதான் சொல்லுவாவ. நான் மெதுவா எறக்குங்கன்னுல்லா கத்துனேன்! அந்த அண்ணன் காதுல பைய அவுத்து விடுன்னு விழுந்துருக்கு!"

ராஜம்மா ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தாள். அப்புறம் சிரித்தாள், சிரித்த ஆட்டத்தில் கை வலித்து "ஐயோ" என்றாள். "அடிப்பாவி, ரெண்டு எழுத்துக்காடி என் கை போச்சு?"

சிரிப்பு அங்கேயே முடிந்தது. காகிதத்தில் செல்வியின் கையெழுத்து இருந்தது. மூன்று வருஷம் முடிய ஒன்பது மாதம் இருந்தது.

ஷாரோன் மேடத்தை வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் வியாழன் செல்வி போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தோணிராஜைக் கூப்பிட்டார். அவருக்குச் சொந்த ஊர் நாசரேத். இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். பேச்சில் ஊர் வாடையே இருக்காது.

"சார், நீங்களும் தெக்கத்தி ஆள்தானே? பையன்னா மெதுவான்னு அர்த்தமாமே?"

அந்தோணிராஜ் செல்வியைப் பார்க்கவில்லை. "எங்க பக்கத்துல யாரும் அப்படிச் சொல்றதில்ல மேடம். தப்பை மறைக்கக் கதை கட்டுது."

வராந்தாவில் செல்வி அவர் வழியை மறித்தாள். "சார், நாசரேத்துல பையன்னு சொல்ல மாட்டாவளா? ஒங்க அம்மா சொன்னதில்லயா?"

அந்தோணிராஜ் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. ஒனக்குச் சிக்னல் கத்துக்கொடுத்ததா நான் எழுதிட்டேன். நீ இதைத் தோண்டினா, கத்துக்கொடுத்தியான்னு என்னைக் கேப்பாங்க. ரெண்டு பசங்க காலேஜ்ல படிக்குது எனக்கு. நீ சின்னப் பொண்ணு, வேற எங்கயாச்சும் பொழைச்சிக்குவ."

"என் பேர்ல எழுதி வச்சிருக்கது பொய்லா சார்?"

"அது காகிதம். நாள் போனா யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வியாழனும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். மேடம், "உன் ரூம் பொண்ணுங்க சாட்சி எடுபடாதும்மா, உனக்காகத்தான் பேசுவாங்க. பகலவனோ அந்தோணிராஜ் சாரோ ஒருத்தர் சொல்லட்டும்" என்றார். பகலவனைக் கேன்டீன் வாசலில் பிடித்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"நா காதுல வுழுந்தத செஞ்சேன். என் காது தப்புன்றியா?"

"ஒங்க காது தப்பில்ல. என் வாயும் தப்பில்ல."

"அப்ப யாருதான் தப்பு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. அந்தோணிராஜின் பிள்ளைகளை நினைத்தாளோ, சொன்னாலும் நம்பமாட்டான் என்று நினைத்தாளோ.

தீபாவளி போனது, பொங்கல் போனது. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கதவு திறக்கும். சில நாள் மேடம் போனிலேயே இருப்பார். இவள் நாலு மணிவரை நின்றுவிட்டு வருவாள். சில நாள் தலை நிமிராமலே, "புதுசா ஏதாச்சும் இருக்கா?" என்பார். "இல்ல மேடம்." "அப்ப போய் வேலையைப் பாரு." போய் வேலையைப் பார்ப்பாள். அடுத்த வியாழன் வருவாள். இவள் அங்கே நிற்கிற ஒரு மணி நேரமும் மேஜையில் இவள் பங்கையும் சேர்த்துப் பிசிறு வெட்டிய பிள்ளைகள்கூட, "ஏன்க்கா இப்படி அசிங்கப்படுற, விட்டுத்தொலையேன்" என்றார்கள்.

அவளோடு வந்த நாற்பது பேரில் இரண்டு பேருக்குக் கார்டு வந்தது. பிறகு இன்னும் ஒன்று. மீதி இரண்டு.

பங்குனியில் ஒரு மாற்றம் செய்தாள். அந்த வியாழன் தனியாகப் போகவில்லை. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியிருந்த ராஜம்மாவும் கூடப் போனாள்.

"மேடம், பழைய காகிதத்த மாத்த வேண்டாம்" என்றாள் செல்வி. "ஒரே ஒரு பை. நான் கீழ நின்னு ஏத்திக் காட்டுதேன். தப்புப் பண்ணினா இனி இந்தக் கதவுப் பக்கம் வரமாட்டேன்."

மேடம் யோசித்தார். ராஜம்மா தன் கையை மேஜை மேல் நீட்டினாள். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. "ஒடஞ்சது என் கை மேடம். எனக்கே கோவம் பூட்ச்சி. உங்களுக்கு இன்னாத்துக்கு இன்னும் கோவம்?"

மேடம் சிரித்துவிட்டார் என்று ராஜம்மா சொல்கிறாள். ஆனால் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். கேட்டு, பதில் வந்து, நாள் குறிக்கும்போது ஆனி மாதம் பிறந்துவிட்டது. செல்வியின் கெடு முடியப் பதினேழு நாள்தான். குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை.

மேடம் ஒரு நிபந்தனை போட்டார். "தூக்கு, எறக்கு, நிறுத்து, மெதுவா. இந்த நாலு சொல்லுதான். கூடவே கை காட்டணும். அஞ்சாவதா ஒரு சொல் வாயில வந்தா அங்கயே முடிஞ்சது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் நாக்குக்குப் புரிய வேண்டுமே! நிதானமாக இருக்கும்போது எவரும் 'மெதுவா' என்று சொல்லிவிடலாம். பதறும்போது வருவது அம்மா அப்பா வீட்டுப் பேச்சுதான்.

மாத்தூரில் நாலு பெண்களாக ஒரு ரூம் எடுத்திருந்தார்கள். கூட இருந்த செல்லக்கனி சாத்தான்குளத்துப் பெண், பொல்லாதவள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாளி நிறையத் தண்ணீரோடு மொட்டை மாடிக்குப் போவாள். வாளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். செல்வி நேர் கீழே நின்று கை காட்டி இறக்க வேண்டும். செல்லக்கனி வேண்டுமென்றே வாளியை ஆட்டுவாள், திடீரென்று ஒரு முழம் நழுவவிடுவாள்.

"பைய! பைய!" என்று கத்துவாள் செல்வி.

"பைய விட்டாச்சுட்டி!" என்று மேலிருந்து வாளியை அப்படியே கவிழ்ப்பாள் செல்லக்கனி. தொப்பலாக நனைந்துவிட்டு, "இன்னொரு தரம்" என்பாள் செல்வி.

முதல் நாள் எட்டு வாளி, எட்டிலும் நனைந்தாள். வீட்டுக்காரம்மா தாயாரம்மாள், "தண்ணி லாரிக்கு நீங்களா காசு தரீங்க?" என்று திட்டினாள். அதற்குப் பிறகு ஒரே வாளித் தண்ணீரை, கவிழ்ந்ததைத் தொட்டியில் பிடித்துப் பிடித்துத் திரும்ப ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் பத்துக்கு நாலு தரம் நனைந்தாள். பத்தாம் நாள் ஒரு தரம். கடைசி நாள் நனையவே இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சோற்றுக் குண்டானை இறக்கும்போது கை சுட்டு, "பைய" என்றுதான் வந்தது. செல்லக்கனி அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. ஹாய்ஸ்டைச் சுற்றி மஞ்சள் கோடு. கோட்டுக்கு வெளியே ஷாரோன் மேடம் அட்டையில் காகிதத்தோடு நின்றார். பக்கத்தில் அந்தோணிராஜ். மேடையில் பகலவன். துடைப்பத்தை வைத்துக்கொண்டு தூணோரம் ராஜம்மா.

செல்வி நாலு காதையும் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பை கொஞ்ச காலம் வெயிலில் கிடந்த பழைய சரக்கு. தையல் நூல் உள்ளே இற்றுப்போயிருந்தது வெளியே தெரியவில்லை.

"தூக்கு."

பை எழுந்தது. மிஷின்களின் ஓசைக்கு நடுவில் சங்கிலி கரகரத்தது.

"நிறுத்து." நின்றது. ஆட்டம் அடங்கக் காத்திருந்தாள். "தூக்கு."

ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம். பையின் அடியில் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேடம் குனிந்தபடியே மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். அதிகாரி கோட்டைத் தாண்டினால் யார் தடுப்பது? அந்த நேரத்தில் டர்ரென்று ஒரு காது கிழிந்தது.

பை ஒருக்களித்தது. ஒருக்களித்த வேகத்தில் மேடம் நின்ற பக்கமாகச் சாய்ந்து ஆடியது. மேடத்துக்குப் பின்னால் மிஷின் சுவர், தலைக்கு மேல் அரை டன். மிரண்டு நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டார். அடுத்த காதின் தையல் ஒவ்வொரு இழையாக விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குலுக்கல் குலுக்கினால் போதும்.

அந்தோணிராஜ் கத்தினார்.

"ஏலே, பைய விடுல! பைய விடுல!"

இருபத்திரண்டு வருஷமாக மூடி வைத்த நாசரேத் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

பகலவனின் கை முடிச்சுக் கயிற்றுக்குப் போனது. சூப்பர்வைசர் உத்தரவாயிற்றே. பையின் வாய் இருந்தது மேடத்தின் தலைக்கு நேரே.

"மெதுவா!"

செல்வி வலது உள்ளங்கையைத் தரை பார்க்கக் கவிழ்த்து, முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள். "மெதுவா. மெதுவா."

பகலவன் சூப்பர்வைசரைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டாளாம். கொட்டுகிற சத்தம் வருமென்று காத்திருந்தாளாம்.

வரவில்லை. பகலவன் கயிற்றை விட்டுவிட்டு, சுவிட்சை விரல் நுனியால் தொட்டான். சங்கிலி ஒரு கண்ணி இறங்கியது. நின்றது. இன்னொரு கண்ணி.

"மெதுவா."

மேடத்தை வெளியே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அது ஐந்தாவது சொல். செல்வி இடது கையைத் தாழ்த்தி, உட்காரச் சொல்லிக் காட்டினாள், தன் பக்கம் தவழச் சொல்லிக் காட்டினாள். இப்படி வலது கை பகலவனோடு பேசியது, இடது கை மேடத்தோடு பேசியது. மேடம் உட்கார்ந்து, கையூன்றி, பையின் நிழலிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். அட்டையும் காகிதமும் அங்கேயே கிடந்தன.

பை தரையைத் தொட்டது. தொட்ட மறுநொடி இரண்டாவது காதும் பிய்ந்துகொண்டது. பை சோம்பேறி மாதிரி ஒரு பக்கம் சரிந்து காகிதத்தின் மேல் உட்கார்ந்தது.

"நிறுத்து" என்றாள் செல்வி. அப்புறம்தான் இரண்டு கையையும் இறக்கினாள்.

மேடம் புடவையைக்கூடத் தட்டிவிடாமல் நேராக அந்தோணிராஜிடம் போனார். "சார், நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

அந்தோணிராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானா மேடம்?"

"பைய விடுன்னு சொன்னீங்க. என் தலை மேல கொட்டச் சொன்னீங்களா?"

"ஐயோ மேடம், இல்ல! மெதுவா எறக்குன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

பகலவன் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தான். "எனக்கு அப்புடித்தான் வுழுந்துச்சு மேடம். இழுத்திருப்பேன். அன்னிக்கும் இதே மாறிதான் காதுல வுழுந்துச்சு." அவன் செல்வியைப் பார்த்தான். "அது கை காட்லன்னா இன்னிக்கு நீங்க காலி."

மேடம் அந்தோணிராஜை விடவில்லை. "உங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்லன்னு சொன்னீங்களே சார்?"

அந்தோணிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுவாங்க மேடம்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்தப் பிள்ளைக்கு நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல" என்றார்.

ஒன்பது மாதம் கதவு கதவாகத் தட்டிக் கேட்ட வார்த்தை. மேடம் செல்வி பக்கம் திரும்பினார். "பழைய ரிப்போர்ட்டைத் திருத்தணும். வியாழக்கிழமை வா, எடுத்து வைக்கிறேன்."

"இன்னைக்கே வியாழக்கிழமதான் மேடம்."

மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, மூணு மணிக்கு வா. ஆனா ஒண்ணு. ஒரு பை ஏத்திக் காட்டுறேன்னு சொன்ன. பை இன்னும் ஏறல."

"ஏத்துதேன் மேடம்" என்றாள் செல்வி. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "நாலு சொல்லு கணக்கு இன்னும் இருக்கா மேடம்?"

"பை தரையில இருக்கும்போது என்ன வேணா பேசு."

புதுச் சரக்கிலிருந்து வேறொரு பை வந்தது. இந்தத் தடவை அவள் காதுகளை இழுத்து மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். லைனில் குருணை தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ கத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. நாலாவது காதிலும் தொங்கிப் பார்த்தாள். மேடம் தானாகவே மஞ்சள் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்றார். ராஜம்மா அவருக்கும் பின்னால் போய், "எனக்கு இருக்கிறது இன்னும் ஒரு கைதான்" என்று தூணைப் பிடித்துக்கொண்டாள்.

மேடை ஏறிய பகலவன் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, இன்னிக்கு மெதுவாவா, பையவா?"

"எதச் சொன்னாலும், நான் கையக் காட்டுத வரைக்கும் அந்தக் கயித்தத் தொடாதிய."

"சரி தாயி."

செல்வி வலது கையை உயர்த்தினாள். பை எழுந்தது. ஆள் உயரம் போனது, ஒன்றரை ஆள் உயரம் போனது, கிழிந்த இடத்தைத் தாண்டியது. கம்பியைத் தாண்டிப் புனலுக்கு நேராக நின்றது. "மெதுவா" என்றாள். அது இறங்கிப் புனல் வாயில் உட்கார்ந்த பிறகு, முஷ்டியை மூடி இழுத்துக் காட்டினாள். முடிச்சு அவிழ்ந்தது. ஆடிமாத மழை ஓட்டில் விழுகிறது போலக் குருணை சடசடவென்று உள்ளே இறங்கியது. ஒரு மணிகூடக் கீழே விழவில்லை. குனிந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் ராஜம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனாளாம்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது செல்விக்குக் கார்டு வந்தது. அந்தோணிராஜுக்கு மெமோ கிடைத்தது, வேலை போகவில்லை. மேடம் எழுதிய காகிதத்தில் அவர் தானாக உண்மையைச் சொன்னார் என்று ஒரு வரி இருந்ததாம். இப்போது ஹாய்ஸ்ட் மேடையில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். சொல்லக்கூடிய சொற்கள், அவற்றுக்கு நேரே கையின் படம். அதற்குக் கீழே, சொல்லக்கூடாத சொல் என்று ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, இதில் என்ன தப்பு என்று கேட்கிறார்களாம். பகலவன் பெருமூச்சு விட்டுவிட்டு, "கீழ நிக்குது பாரு, அதைப் போய்க் கேளு" என்று கை காட்டுகிறானாம்.